பத்துப் பேர், ஒரே பட்டா: பிரியாமல் வாழ ஒரு கையேடு

முதலில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குங்கள். பெயர் ‘மண்வாசனை’, ‘வேர்களைத் தேடி’, ‘திரும்பிப் போவோம்’ என்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கப்போகிறது; அதற்காக ஒரு வாரம் விவாதிக்க வேண்டாம். சேர்க்க வேண்டியவர்கள் பத்துப் பேர். எல்லோருக்கும் முதுகுவலி இருக்க வேண்டும். இயற்கை விவசாயி நம்மாழ்வார் பேச்சை யூடியூபில் கேட்டிருக்க வேண்டும். வேலையை விடப்போவதாகக் குறைந்தது மூன்று முறையாவது அறிவித்திருக்க வேண்டும். கொள்கை எளிது: ஊரில் பத்து ஏக்கர் வாங்குவோம், உன்னுது என்னுது என்று பிரிக்க மாட்டோம், முதலாளி கிடையாது, எந்த முடிவானாலும் பத்துப் பேரும் ஒப்புக்கொண்டால்தான். இதுவரை எல்லாம் ஒருமனதாகவே நடக்கும். இன்னும் நிலம் வாங்கவில்லை அல்லவா?

இனிச் செய்ய வேண்டியவற்றைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. இடம் பார்த்தல்

கடலூர் – சிதம்பரம் வட்டாரத்தைப் பரிந்துரைக்கிறேன். சென்னையிலிருந்து நாலைந்து மணி நேரம். வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறு மாலை திரும்பிவிடலாம். அதாவது, வேலையை விடாமலே கிராமத்துக்குத் திரும்பிவிடலாம்.

பண்ருட்டிப் பக்கம் செம்மண், முந்திரி, பலா. கொள்ளிடக்கரைப் பக்கம் நெல்லும் தாளடி உளுந்தும். கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் கடல் தெரியும். போர் போட்டால் உப்புத் தண்ணீரும் வரலாம். உங்கள் பத்துப் பேரில் மூவர் பலா மரத்தடிக்கும் மூவர் நெல்வயலுக்கும் மூவர் கடற்கரைக்கும் ஆசைப்படுவார்கள். பத்தாவது ஆள் “எனக்கு எதுன்னாலும் ஓகே” என்பார். அவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பின்னால் பெரிய தொல்லை அவரிடமிருந்துதான் வரும்.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு தகுதியும் உண்டு. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பழைய தென்னாற்காடு மாவட்டத்தில்தான் 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியது. யாருக்கும் சொந்தமில்லாத நகரம் என்பது அறிவிப்பு. 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரே தாழியில் போட்டார்கள். அந்த நகரத்தை நிர்வகிக்க 1988-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் ஒரு சாலைக்காக மரம் வெட்டப் போய், அந்தச் சச்சரவு பசுமைத் தீர்ப்பாயம் ஏறி, 2025-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில்தான் நின்றது. 124 நாட்டு மண்ணைக் கலக்க ஒரு காலைப்பொழுது போதும். ஒரு சாலை எந்த வழியாகப் போவது என்பதற்கு அது போதாது. நிலத்தைப் பொதுவாக்குவது சுலபம். பொதுவாக்கிய பிறகு வரும் திங்கட்கிழமைதான் கஷ்டம்.

2. முன்னோடிகளை வணங்குதல்

ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு ஊருக்குள் போகாதீர்கள். ஆங்கிலேயர் வந்தபோது இந்த மண்ணில் பல ஊர்களில் நிலம் பங்குக் கணக்கில்தான் இருந்தது. ஒருவருக்கு ‘அந்த வயல்’ சொந்தம் என்பதில்லை, ஊரில் இத்தனை பங்கு சொந்தம். சில ஊர்களில் நிலத்தைப் பிரிக்காமலே சேர்த்து வைத்திருந்தார்கள், அது பசுங்கரை. நிலையாகப் பிரித்துக்கொண்டால் அறுதிக்கரை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு, இந்த முறை மேட்டு வயல் கிடைத்தவருக்கு அடுத்த முறை பள்ள வயல் என்று மாற்றிக்கொள்ளும் கரையீடும் உண்டு. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816-இல் மிராசு உரிமை பற்றி எழுதியபோது இதையெல்லாம் விரிவாகக் குறித்துவைத்தார். வெள்ளைக்காரருக்குத் தலைசுற்றியதில் வியப்பில்லை. வரியை யாரிடம் கேட்பது என்று அவர் தேடினால், “எல்லோரிடமும்” என்று ஊர் பதில் சொல்லியிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகும் முயன்றார்கள். 1951-இல் வினோபா பாவே பூமிதானம் தொடங்கினார், அது ஊர் நிலத்தையே ஊருக்குக் கொடுக்கும் கிராமதானமாக வளர்ந்தது. 1959-இல் நாகப்பூர் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டது. கொதித்தெழுந்த ராஜாஜி அதே ஆண்டு சுதந்திராக் கட்சியைத் தொடங்கிவிட்டார். நிலத்தைச் சேர்த்து உழலாம் என்று ஒரு தீர்மானம் போட்டதற்குப் புதிதாக ஒரு கட்சியே பிறந்தது. நீங்கள் பத்துப் பேர்தான், கவலை வேண்டாம். அதிகபட்சம் இரண்டு வாட்ஸ்அப் குழு ஆகும்.

3. பத்திரம் போடுதல்

நிலம் விற்பவர் ஒருவர் என்று நம்பிப் போவீர்கள். பட்டாவை வாங்கிப் பார்த்தால் அதில் நாலு பெயர் இருக்கும், இரண்டு பேர் காலமாகியிருப்பார்கள். 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுத் திருத்தத்தில் ஒரு பெயர் எழுத்துப் பிழையோடு ஏறியிருக்கும். மின் இணைப்பு தாத்தா பெயரில் இருக்கும். கிணற்றில் கால் பங்கு சித்தப்பா வீட்டுக்கு. இந்தக் குடும்பம்தான் உங்களுக்கு முன்னாலேயே கூட்டு உடைமையில் வாழ்ந்து காட்டிய கம்யூன்! அவர்களை மரியாதையோடு நடத்துங்கள்.

முக்கியமாக, “தங்கச்சி கையெழுத்து இருக்கா?” என்று கேளுங்கள். “அதுக்குத்தான் கல்யாணத்தப்பவே செஞ்சாச்சே” என்று பதில் வந்தால் முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பிலேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டத்தைத் திருத்தியது, 2005-இல் நாடு முழுக்க வந்தது. சட்டம் வந்து எத்தனை வருடம் ஆனாலும் தங்கச்சியை ஒரு வார்த்தை கேட்பது மட்டும் பல வீடுகளில் இன்னும் வரவில்லை. அவர் சிதம்பரம் நீதிமன்றத்தில் கேட்பார், அப்போது நீங்களும் பிரதிவாதி.

வாங்கியபின் உங்கள் பத்துப் பேருக்கும் ஒரே கூட்டுப்பட்டா. பயிர்க்கடனுக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போனால், “மத்த ஒம்போது பேரு சம்மதம் எங்கீங்க?” என்பார்கள். அந்த ஒன்பதில் ஒருவர் அப்போது டொராண்டோவில் இருப்பார்.

4. கூட்டம் போடுதல்

இதுதான் கையேட்டின் இதயம். நிலத்தில் வேலை செய்யும் நேரத்தைவிட நிலத்தைப் பற்றிப் பேசும் நேரம் அதிகமாக இருந்தால் உங்கள் குழு ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆவணி மாதக் கூட்டம் ஒன்றைப் பார்ப்போம். பொருள்: இந்தச் சம்பாவுக்கு நேரடி விதைப்பா, நடவா? கூரைக் கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலி, கிண்ணத்தில் வெங்காய பக்கோடா. உள்ளூர்க்காரர் இருவரையும் அவர்கள் வயலோடு குழுவில் சேர்த்திருக்கிறீர்கள். மேல்வயல்காரரை அண்ணன் என்றும் கீழ்வயல்காரரை மாமா என்றும் கூப்பிடுகிறீர்கள்.

“புழுதியிலே வெதச்சிடுவோம். தண்ணி எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? நாத்து வுட்டுட்டு வாய்க்காலையே பாத்துக்கிட்டு இருந்தா நாத்து முத்திடும்” என்கிறார் அண்ணன்.

“ஒனக்கென்னப்பா, மேட்டு வயலு. ஐப்பசி மழையில எனக்கு இடுப்பளவு தண்ணி நிக்கும். வெதச்ச பயிரு கோழிக்குஞ்சு மாதிரி கெடக்கும், மூழ்கிடும். நட்ட பயிருன்னா தாக்குப்புடிக்கும்” என்கிறார் மாமா.

பெங்களூரிலிருந்து காணொளியில் வந்த தம்பி, “டேட்டா என்ன சொல்லுதுன்னா…” என்று தொடங்குகிறார். சிக்னல் போய்விடுகிறது. கூட்டத்துக்கு அது நல்லதே.

களைக்கு ஆள் கூலி, விதை எத்தனை கிலோ கூடுதல், வடிகாலில் ஆகாயத்தாமரை எடுத்தார்களா என்று இரண்டு மணி நேரம் ஓடுகிறது. கடைசியில் தீர்மானம் எழுதுகிறீர்கள்: ‘நேரடி விதைப்பு செய்வதென ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது.’ மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, “அப்ப சரி, உங்க இஷ்டம்” என்கிறார்.

உடனே பேனாவைக் கீழே வையுங்கள். ‘உங்க இஷ்டம்’ என்றால் சம்மதம் என்று எந்த அகராதியும் சொல்லவில்லை. அதன் சரியான பொருள்: ‘ஐப்பசியில் பேசிக்கொள்கிறேன்.’ ஐப்பசியில் அவர் வயல் மூழ்கும்போது அதை ஊரே கேட்கும்படி பேசுவார். மாமாவின் வயலுக்கு மட்டும் நடவு, குழுச் செலவில் வடிகால் வெட்டு என்று எழுதியிருந்தால் கூட்டம் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். எல்லோரும் ஒரே வேலையைச் செய்ய வேண்டும் என்பதில்லை. எல்லோரையும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதே விதி. நம் ஊரில் சண்டை முடிவுகளால் வருவதைவிட, “என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?” என்ற ஒரு வரியால் வருவதே அதிகம்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் எல்லோரையும் கேட்டே முடிவெடுக்கும் மெண்டா என்ற கோண்டு பழங்குடிக் கிராமம் இருக்கிறது. 2013-இல் ஊர் நிலம் முழுவதையும் கிராமதானச் சட்டப்படி கிராமசபையிடம் ஒப்படைத்தது. முடிவுகள் ஒருமனதாகத்தான், ஓட்டெடுப்பு கிடையாது. அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், படிப்பதற்கு ஒரு வட்டம், முடிவெடுக்க ஒரு சபை என்று இரண்டாகப் பிரித்தது. விஷயத்தைத் தெரிந்துகொள்ளும் இடத்தில் யாரும் ஜெயிக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே கூட்டத்தில் செய்தால் பக்கோடா மட்டும்தான் தீரும்.

5. பொது இயந்திரம் வாங்குதல்

தமிழ்நாடு அரசு 2017-18-இல் கூட்டுப் பண்ணையத் திட்டம் கொண்டுவந்தது. சிறு, குறு விவசாயிகள் 20 பேர் ஒரு குழு. அப்படி 5 குழு சேர்ந்து 100 பேர் ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு. அதற்கு இயந்திரம் வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. நிலம் அவரவருடையது, கருவி மட்டும் பொது. உங்கள் கொள்கையைவிட இது பல படி நடைமுறையானது என்பதை மனம் நோகாமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் என்ன ஆகும் என்றால், ரோட்டவேட்டர் வந்து இறங்கும். மாலை போட்டுப் படம் எடுப்பார்கள். மழை பெய்து, மண்ணில் பதம் வரும். பதம் எல்லோர் வயலுக்கும் ஒரே நாளில் வரும். நூறு பேர், ஒரு ரோட்டவேட்டர், இரண்டு நாள் பதம். இந்தக் கணக்கை உலகத்தில் எந்தக் கணித மேதையும் ஒருமனதாகத் தீர்த்ததில்லை.

ஆகவே இயந்திரம் வாங்குமுன் வரிசையை எழுதுங்கள். கரையீடு போட்டவர்கள் கண்ட வழியே சிறந்தது: சீட்டு. போன வருடம் கடைசியில் வந்தவர் இந்த வருடம் முதலில். தலைவருக்கு முதல் நாள் என்று எழுதாத விதி ஒன்று தானாக முளைக்கும், அதைக் களை என்று கருதிப் பிடுங்குங்கள். டீசல் யார் செலவு, பிளேடு உடைந்தால் உழுதவர் செலவா குழுச் செலவா, டிரைவருக்குச் சாப்பாடு யார் வீட்டில் என்பதையும் எழுதுங்கள். நட்பு முறிவது பெரும்பாலும் பிளேடில்தான்.

6. தண்ணீர் பாய்ச்சுதல்

வீராணம் ஏரிப் பாசனத்தில் நிலம் வாங்கினால், உங்களுக்குப் பத்துப் பேர் மட்டும் பங்காளிகள் இல்லை. 44,856 ஏக்கர்க்காரர்கள் எல்லோரும் பங்காளிகள். முழு உயரம் 47.5 அடி, கொள்ளளவு 1.465 டி.எம்.சி. பத்தாம் நூற்றாண்டில் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டியது, பெயரும் அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டத்திலிருந்து வந்தது. அணைக்கரையிலிருந்து வடவாற்றில் தண்ணீர் வந்து ஏரியில் சேர்ந்து, மதகு வழியாகப் பிரிந்து, தலைமடைக்காரர் குளித்து, துணி துவைத்து, இரண்டாம் முறையும் பாய்ச்சி முடித்தபின் கடைமடைக்கு வரும். வந்தால்.

பாசனத்தை விவசாயிகளே மேலாண்மை செய்யலாம் என்று 2000-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. பாசன சங்கத்துக்குத் தேர்தல் உண்டு, தலைவர் உண்டு. மதகைத் திறக்க இரவு இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு போகும் ஆள் மட்டும் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார். அவரைக் கண்டுபிடித்து மாதச் சம்பளம் கொடுங்கள். உங்கள் குழுவின் உண்மையான நிர்வாக இயக்குநர் அவர்தான்.

சென்னையிலிருந்து வந்த உங்களுக்குத் தனிச் செய்தி ஒன்று. 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் ஓடிச் சென்னைக்குப் போகிறது, நாளுக்கு 180 மில்லியன் லிட்டர் என்ற திட்டத்தில். நீங்கள் நிலம் வாங்குவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஏரியில் பங்குதாரர். முதல் கூட்டத்திலேயே கடைமடைப் பெரியவர் யாராவது முறைத்தால் காரணம் அதுதான். அவரை அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

7. யார் யாரைக் கூப்பிடுவது

கூட்டு முடிவுக்கு முன்மாதிரி என்று மேடைதோறும் உத்திரமேரூரைச் சொல்வார்கள். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுப்படி ஊர்ச்சபையின் வாரியத்துக்கு வர 35 முதல் 70 வயது, வரி கட்டும் கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு வேண்டும். கணக்குக் காட்டாதவர் உறவினரோடு சேர்த்துத் தள்ளிவைக்கப்படுவார். இந்தக் கடைசி விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், பொருளாளர் சுறுசுறுப்பாகிவிடுவார். உங்கள் பக்கத்துக் காட்டுமன்னார்கோயிலும் அப்படிப்பட்ட சபை இருந்த வீரநாராயண சதுர்வேதிமங்கலம்தான். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள், அவர்களுடைய உறவினர்கள் நிலம் பற்றி ராஜராஜன் ஓலை அனுப்பியது இந்தச் சபைக்கு. உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. உங்கள் கூட்டத்தின் பொருள்நிரல் அவ்வளவு கடினமாக ஒருநாளும் இருக்காது.

ஆனால் இன்னொரு முறை பட்டியலைப் பாருங்கள். சபையில் பெண் கிடையாது. பசுங்கரைப் பங்குகள் காணியாட்சிக்காரர் எனப்பட்ட நில உரிமையாளர்களுக்குள்தான். அந்த வயலில் இறங்கி உழுது, நட்டு, அறுத்தவர்களுக்கு அதில் பங்கு இல்லை. 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் அவர்கள் நிலையை எழுதி அனுப்பிய பிறகுதான், 1892-இல் அவர்களுக்கான பஞ்சமி நிலம் என்ற ஏற்பாடே வந்தது. நூற்றாண்டுக் கணக்கில் ‘ஒருமனதாக’ முடிவெடுத்தார்கள் என்றால், மாறாக நினைக்கக்கூடியவர்களைக் கூட்டத்துக்கே கூப்பிடவில்லை என்பதும் அதில் அடங்கும். கூப்பிடாமல் விட்டால் ஒருமனம் சீக்கிரம் வந்துவிடும்.

ஆகவே உங்கள் கூட்டத்துக்கு ஒரு சோதனை: நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களையும், நாளைக் காலை வயலில் குனிந்து வேலை செய்யப்போகிறவர்களையும் தனித்தனியே எண்ணுங்கள். இரண்டு பட்டியலிலும் ஒரு பெயர்கூடப் பொதுவாக இல்லை என்றால், நீங்கள் கூட்டுப்பண்ணை நடத்தவில்லை. பத்து மிராசுதார்கள் சேர்ந்து இயற்கை உரம் போடுகிறீர்கள், அவ்வளவுதான். நடவு நடும் அக்கா, “இந்த வயசு நாத்தைப் புடுங்குனா வேரு அறுந்துடும் தம்பி” என்று சொல்ல ஒரு நாற்காலி போடுங்கள். டேட்டா அவரிடம்தான் இருக்கிறது, சிக்னலும் போகாது.

8. பிரிதல்

இதை முதல் நாளே எழுதுங்கள். எல்லோரும் அணைத்துக்கொண்டு படம் எடுக்கும் அன்றைக்கே.

ஒருவருக்கு மகள் கல்யாணம் வரும், ஒருவருக்கு ஆஸ்திரேலியா வரும், ஒருவருக்கு மண்புழுவின் மேல் திடீரென்று வெறுப்பு வரும். விலகுபவருக்கு எவ்வளவு கொடுப்பது? அவர் போட்ட பணமா, பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பா, பக்கத்து நிலம் விற்ற விலையா? இந்த மூன்றுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் வக்கீல்கள் வீடு கட்டுகிறார்கள். அவருடைய பங்கை வெளியாளுக்கு விற்கலாமா, உங்களிடம்தான் முதலில் கேட்க வேண்டுமா? அவர் ஆசையாக நட்ட பலா யாருக்கு? 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அப்படி ஒன்று வந்தால் நிவாரணம் யார் பெயரில், விழுந்த மரத்தின் விறகு யாருக்கு என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பாகப்பிரிவினைப் பத்திரம் போடும்போது இன்னொன்று தெரியவரும். குடும்ப உறுப்பினர்களுக்குள் பிரித்தால் முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு, நண்பர்களுக்குக் கிடையாது. இருபது வருட நட்பைப் பதிவுத்துறை உறவாக ஏற்பதில்லை.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் மட்டும் எப்போதும் மறுக்கிறார். என்ன செய்வது?
அவர் சொல்வதை நோட்டில் அவர் வார்த்தையிலேயே எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்குங்கள். பாதி மறுப்பு அங்கேயே கரைந்துவிடும். மீதிப் பாதி உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஓட்டுப் போட்டு முடித்துவிடலாமே?
முடிக்கலாம். தோற்ற நாலு பேரும் மறுநாள் அதே வாய்க்காலில் உங்களுக்கு மேல்பக்கம் நிற்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாமா?
கொடுக்கலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டம் உண்டு. நீங்கள் பத்துப் பேரும் பத்து மனு கொடுத்தால், அவை ஒன்பது மறுப்பும் ஒரு சம்மதமுமாகப் பதிவாகும்.

இவ்வளவு தொல்லைக்குத் தனியாக ஒரு ஏக்கர் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமே?
தாராளமாக வாங்கலாம். தண்ணீர் மேல்வயல் வழியாகத்தான் வரும், மழைவெள்ளம் கீழ்வயல் வழியாகத்தான் வடியும், அறுப்பு மிஷின் பக்கத்து வயலில் இறங்கித்தான் உங்கள் வயலுக்கு வரும். பக்கத்து வயல்காரர் ஒரு வாரம் முன்னால் அறுத்திருக்க வேண்டும். உங்களிடம் தனிப்பட்டா இருக்கும், தனிப் புலப்படம் இருக்கும். ஆனால் கூட்டம் போடாமல் ஒரு போகம்கூட வீடு வந்து சேராது. பத்துப் பேரோடு வாங்கியவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் ஒன்றுதான்: அவரிடம் தீர்மான நோட்டு இருக்கும்.